மெல்ல என்று ஒரு பேர்

வேலை நடக்கும் இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் ஒன்று இல்லாமலில்லை. ஆனால் அது தெருவுக்கு நாலு பேருக்கு வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தப் பேரைச் சொன்னால் மூன்று தலைகள் திரும்பும். எந்தத் தலை வேண்டும் என்று அவர் விரலை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கும். மேலக்கா என்றால் அந்தக் குழப்பம் கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் மேலே, கிரேனின் உச்சியில், துணி அலமாரி அளவுள்ள ஒரு கண்ணாடிக் கூண்டில் காலையில் ஏறி உட்கார்ந்தால் வேலை முடிந்துதான் இறங்குவாள். சாப்பாட்டை முதுகுப் பையில் போட்டு எடுத்துப் போவாள். நடுவில் இறங்கி ஏற வேண்டி வருமே என்று தண்ணீரைக்கூட நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் குடிப்பாள். கீழே வேலை செய்தவர்களில் பலருக்கு அவள் முகம் தெரியாது. மேலே ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

அவள் பிறந்தது ஒரு சத்தக்காட்டில். அப்பாவுக்கு இரும்புப் பட்டறையில் வேலை. வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்று காது மந்தமாகிவிட்டது. அவருக்குக் கேட்க வேண்டுமென்று அம்மா கத்துவாள். அம்மாவின் கத்தலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று அண்ணன்கள் கத்துவார்கள். அந்த வீட்டில் உப்பு டப்பாவை எடு என்று சொன்னாலே வெளியில் போகிறவனுக்கு வீடு தீப்பிடித்துக்கொண்டது போலக் கேட்கும். கடைசியாகப் பிறந்த இவள் போட்டிக்கே போகவில்லை. வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அவள் பேசுவது காதில் விழவில்லை. மற்றவர்களுக்கு அவள் பேசுகிறாள் என்பதே மறந்துபோயிற்று.

கட்டட வேலைக்கு வந்த புதிதில், ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோகும் கம்பிக்கூண்டு லிப்டில் பொத்தான் அமுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனி சிலரைக் கிரேன் ஓட்டப் பழக்கியபோது தானாக முன்வந்து பேர் கொடுத்தாள். பொம்பளைக்கு எதற்கு இந்த உயரம் என்று மேஸ்திரி கேட்டார். அவளுக்கு உயரத்தின் மேல் ஆசை எதுவும் கிடையாது. சத்தம் அங்கே ஏறி வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதற்காகத்தான்.

சொன்னவர்கள் முழுக்கச் சரியாகச் சொல்லவில்லை. கிரேன் ஓட்டுகிறவளுக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. கொக்கியில் எதை மாட்டியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தரையில் நிற்கும் ஒருவர் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொடியை ஆட்டிச் சைகை காட்டிய காலத்துப் பேர் ஒட்டிக்கொண்டு, அந்த வேலை செய்கிறவரைக் கொடிக்காரர் என்பார்கள். அவளுக்கு வாய்த்த முதல் இரண்டு கொடிக்காரர்களும் அவள் அண்ணன்களையே தோற்கடித்தார்கள். கண் தெரிகிறதா, கை இருக்கிறதா, தூங்குகிறாயா என்று அந்தச் சின்னக் கூண்டு அதிர அதிரக் கேட்டார்கள். பிறந்த வீட்டிலிருந்து தப்பித்து இத்தனை உயரம் ஏறியும் அதே சத்தம் கூடவே ஏறி வந்துவிட்டதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்தவர் சத்தம் போடாத மனிதர். தூக்கு, நிறுத்து, இடது, மெல்ல. இவ்வளவுதான் அவர் அகராதி. அதிலும் கடைசி வார்த்தையை அவர் சொல்கிற விதம் ஒன்று இருந்தது. பாரம் தரையைத் தொடப் போகிற நேரத்தில் "மெல்ல... மெல்ல..." என்பார். தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து பாயில் இறக்குகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்கவே அவள் சில நேரம் பாரத்தைக் கொஞ்சம் வேகமாக இறக்கியதும் உண்டு.

ஒரு நாள் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிப் பாதி வழியில் இருக்கும்போது காற்று கிளம்பியது. முன்னறிவிப்பெல்லாம் இல்லை, எங்கிருந்தோ வந்து அறைந்தது. கட்டு ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தது. கீழே ஆட்கள் சிதறி ஓடுவது எறும்புப் புற்றை மிதித்தது போலத் தெரிந்தது. கூண்டு ஆடியது. அவள் கை லிவரிலேயே விறைத்துவிட்டது. இழுக்கவும் வரவில்லை, விடவும் வரவில்லை. சூப்பர்வைசர் யாரோ வாக்கி டாக்கியில் புகுந்து கத்தினார். அதற்குப் பிறகு அந்தக் குரல் வந்தது. ஒரு இம்மிகூட உயராமல் வந்தது.

"மெல்ல. நான் இங்கதான் நிக்கிறேன். மெல்ல."

ஆட்கள் ஓடிவிட்ட இடத்தில் அவர் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் ஹெல்மெட் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் கம்பிக்கட்டை ஆட்டத்தோடு ஆட்டமாகக் கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். சாயங்காலம் அவள் இறங்கி வந்தபோது அவர் ஒரு டீயை வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துச் செங்கல் அடுக்கில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது.

மனிதரைக் குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார், குழாய் ஒழுகினால் தானே சரிசெய்வார். ஆனால் அவள் கட்டிக்கொண்டது ஒரு குரலை. அந்தக் குரல் வீட்டுக்கு வரவில்லை. வாசலில் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டும்போது அதையும் சேர்த்து மாட்டிவிடுவார் போலிருந்தது. வீட்டில் அவர் பேசியது சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தினாயா, நாளைக்கு மழை வருமாம் என்பதோடு சரி. பகல் முழுக்கக் கண்ணாடிக் கூண்டில் தனியாக இருந்துவிட்டு, சாயங்காலம் இரண்டு பேராகத் தனியாக இருந்தார்கள். காலையில் மேலே ஏறி வாக்கி டாக்கியைத் திருப்பினால்தான் புருஷன் அவளோடு பேசுவார். அதுவும் சைட் முழுக்கக் கேட்கும்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் ஏணி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் மாடி வாடகை வீட்டில், ஒற்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரலும் நின்றுபோனது. வேறு யாருக்கோ அவர் இப்போது மெல்ல என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வரும். பொறாமைப்பட அதில் ஒன்றுமில்லை, பாரம் இறக்குகிற வேலை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அப்படி ஒரு மத்தியானம், வயிற்றுக்குள் உதைக்கிற பிள்ளையைத் தடவிக்கொண்டே தன்னை அறியாமல் "மெல்ல" என்றாள். அது தானாகவே பேராகிவிட்டது. பெண் பிறந்தால் இதுதான் பேர், வேறு யாருக்கும் இல்லாத பேர், கூப்பிட்டால் ஒரே ஒரு தலைதான் திரும்பும் என்று முடிவு செய்தாள். பையன் பிறந்தால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை.

பெண்தான் பிறந்தது. ஆஸ்பத்திரியில் பேர் எழுதுகிற அம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, குழந்தைக்குப் பேர் முடிவு பண்ணியாச்சா என்று கேட்டாள்.

"மெல்ல" என்றாள் இவள்.

"அவசரமே இல்லம்மா, மெல்லவே சொல்லுங்க" என்றாள் அந்த அம்மாள்.

இவள் மறுபடி சொன்னாள். அந்த அம்மாள் மறுபடி காத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு விளங்கி, அவள் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்தான் எழுதுகிறவளுக்கு விஷயம் புரிந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவைக் கேட்டுவிட்டீர்களா என்று கொஞ்சம் பயந்த மாதிரி விசாரித்தாள்.

கேட்டிருந்தாள். முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு, ஏன் இந்தப் பேர் என்று அவர் கேட்பார், கேட்டால் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி காத்திருந்தாள். அவர் தொட்டிலில் கிடந்ததை எட்டிப் பார்த்தார்.

"உனக்குப் பிடிச்சா வை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரும் நாத்தனாரும் வந்து சேர்ந்தார்கள். நாத்தனாரிடம் நாலைந்து பேர் தயாராக இருந்தன. எல்லாமே சைக்கிள் டியூபில் காற்றுப் போவது மாதிரி ஷா, ஸ்ஸா என்று முடிகிற பேர்கள். இவள் வைத்த பேரைக் கேட்டதும் மாமியார் குழந்தையின் முகத்தையும் மருமகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது என்ன பேரு? மெல்லவா, முழுங்கவா?"

நாத்தனார் சும்மா இருப்பாளா. மெல்ல வா என்று கூப்பிட்டால் பிள்ளை என்றைக்கு வந்து சேரும் அண்ணி, பரீட்சை முடிந்துதான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் என்றாள். கீழ்வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. பேர் அப்படி, யாராயிருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். இவள் மட்டும் புருஷனைப் பார்த்தாள். சொல்லுங்களேன், இது உங்கள் வார்த்தைதானே என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் "அவதான் வெச்சா" என்று சொல்லிவிட்டு, தொட்டில் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வாய்விட்டே கேட்டுவிடுவது என்று துணிந்துவிட்டாள். அன்றைக்குக் காற்று அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா என்றாள். எந்தக் காற்று என்றார். கொஞ்சம் யோசித்து, ஆமாம், கம்பிக்கட்டு, வடக்குப் பக்கத்து மூலை, கட்டின கயிறு பழசு, அப்போதே சொன்னேன் என்றார். பாரத்தின் எடைகூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன சொல்லியிருப்பேன். மெல்லன்னு சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் அதானே சொல்றது."

சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்து வைத்தார். தொட்டிலில் கிடப்பவளின் பேரைத்தான் இப்போது சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழவில்லை. இவள் விளக்கிச் சொல்லியிருக்கலாம், ஒரு வரிதான். ஆனால் விளக்கிச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயமா அது என்று தோன்றிவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பேரை அவள் ஒருத்திதான் சொன்னாள். மாமியாருக்குக் குழந்தை பாப்பா. நாத்தனாருக்குக் குட்டி. அப்பாவுக்கு, கொஞ்சம் வளர்ந்ததும், "ஏ புள்ள". இவளோ, பிள்ளை பால்குடி மறந்ததுமே மறுபடி கிரேன் ஏறிவிட்டாள். மகள் கண்விழிப்பதற்குள் கிளம்பி, வெளிச்சம் போகும் நேரத்துக்குத் திரும்புவாள். ஆக அந்தப் பேர் ஒரு நாளில் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில், தேவை இருக்கிறதோ இல்லையோ, பத்து முறை கூப்பிடுவாள். பிள்ளையும் சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் ஓடி வந்தாள். மெல்ல என்று கூப்பிட்டால் விழுந்தடித்து ஓடி வருகிற பிள்ளை.

பள்ளிக்கூடம் வேறு உலகம். அங்கே அவளுக்கு ஸ்லோ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு முறை டீச்சர் "மெல்ல, எந்திரி" என்று சொல்ல, வகுப்பே அங்குலம் அங்குலமாக, முட்டி வலிக்கிற கிழவர்கள் மாதிரி எழுந்து நின்றதாம். டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லையாம். மகள் அதை வீட்டில் நடித்துக் காட்டினாள். காட்டி முடித்த பிறகு அவள் சிரிக்கவில்லை. அம்மா அதைக் கவனித்தாள். கவனித்தும், பிள்ளைகள் விளையாட்டுதானே, நாளானால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் மேலக்காவின் கிரேன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி நின்றது. கூண்டிலிருந்து பார்த்தால் விளையாட்டு மைதானம் உள்ளங்கை அளவுக்குத் தெரியும். ஓட்டப் பந்தயம் நடந்த அன்றைக்குப் பாரத்துக்கும் பாரத்துக்கும் நடுவில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைப் புள்ளிகள் வரிசையாக நின்றன, ஓடின. ஒரு புள்ளி மட்டும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பறந்தது. யார் பெற்றதோ, நல்லா ஓடுது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கூட்டம் மொத்தமும் அசைவது தெரிந்தது. கைதட்டுகிறார்கள் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் பரிசுக் கிண்ணத்தை அடுப்பங்கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பறந்த புள்ளி அவள்தான். முதலில் வந்தவளின் பேரை மைக்கில் சொன்னபோது மைதானமே சிரித்திருக்கிறது. அறிவித்தவர் வேறு, மெல்ல என்று பேர் வைத்தே இந்த ஓட்டமா என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கிறார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் மேடையிலிருந்து இறங்கும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

"அம்மா, எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சே?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். இந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வருஷமாக அவளிடம் பதில் இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை; இப்போது கேட்பவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? காற்று, கம்பிக்கட்டு, ஆட்கள் எல்லாம் ஓட ஒருவர் மட்டும் நின்றது என்று சொன்னால், அது யார் என்று கேட்பாள். அந்த ஒருவர் முன்னறையில் உட்கார்ந்து, அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். முட்டி போய்விட்டதால் இப்போது அவருக்கு ஸ்டோர் ரூமில் வேலை.

"கேக்க நல்லா இருந்துச்சு. அதான் வெச்சேன்" என்றாள்.

"அப்பாகிட்டயும் கேட்டேன். எனக்கென்ன தெரியும், உங்கம்மா வெச்சதுன்னார்."

மகள் திரும்பிப் படுத்து, பேரை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அழவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்தது தெரிந்தது. என்ன பேர் என்று கேட்டதற்கு ஒரு பேர் சொன்னாள். அந்தப் பேரில் அவள் வகுப்பிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

"கூப்பிட்டா யாரைன்னு தெரியாதேடி."

"தெரியாட்டி என்னம்மா. மூணு பேரும் சேர்ந்து திரும்புவோம். எனக்கும் கூட ஆள் இருக்கும்ல."

அந்தப் பிள்ளையும் இத்தனை வருஷம் ஒரு உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஏற்றி விட்டது தான்தான் என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்கு உறைத்தது.

பேர் மாற்றுவது ஒரு நாளில் நடக்கவில்லை. அலைந்தார்கள். அப்பா, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தார். கடைசியாக ஆபீசில் உட்கார்ந்திருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நல்ல தமிழ் வார்த்தைதானே, இதை ஏன் மாற்றுகிறீர்கள் என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள்.

"கூப்பிட்டா சந்தோஷமா திரும்பணும் சார்."

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். புதுப் பேரைத் தோழிகளிடம் எப்படிச் சொல்வது, நோட்டில் எந்த மையில் எழுதுவது என்று ஒரே திட்டம். பிறகு பேச்சோடு பேச்சாக அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுப்ப வேண்டும். பழைய பேர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம் என்று உடனே நினைவும் வந்தது. புதுப் பேரை நாக்கில் தேடினாள், அது வரவில்லை. பஸ் நின்றது. மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏய், எறங்கணும்" என்றாள்.

மறுநாள் காலையில் அப்பா புதுப் பேரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டார். ஒரு தடுமாற்றம் இல்லை. பிறந்ததிலிருந்து அதையே சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. அம்மாவுக்குத்தான் நாக்கு வழங்கவில்லை. ஒரு வாரம் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டினாள். பக்கத்தில் போய் நின்று பேசினாள், தொட்டுப் பேசினாள், இந்தா, இங்க பாரு என்றாள்.

பிறகு ஒரு நாள், மேலே கூண்டில், கீழே எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வாக்கி டாக்கியை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு மகளின் புதுப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. மறுபடி சொன்னாள். கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டு ஆவி படிந்தது, மறைந்தது. கொக்கி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. உரக்க ஒரு முறை, கோபமாக ஒரு முறை, கொஞ்சலாக ஒரு முறை என்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, கீழே ஆட்கள் திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி மகளைப் புதுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"என்னம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவ்வளவு சாதாரணமாக வந்தது.

கூப்பிட்டதற்குக் காரணம் ஒன்றும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

"விளக்கைப் போடு, இருட்டிடுச்சு" என்றாள்.